வடக்கு ஒன்று முதல் வடக்கு ஏழு வரை

எங்கள் காலனியில் மைக் செட் வந்து இறங்கினால் அதை முதலில் தட்டிப் பார்ப்பது என் மாமாதான். அம்மாவின் தம்பி. மஞ்சள் நீராட்டு விழாவோ, மாதா கோயில் தேரோ, அம்மன் கோயில் கூழோ, எதுவானாலும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவர் குரல் கேட்ட பிறகுதான் எங்களுக்கு அது விழா. நான் அவருடைய பரம ரசிகை. ஐந்தாம் வகுப்பில், பெரிய ஆளானதும் என்ன ஆவாய் என்று டீச்சர் கேட்டபோது, வகுப்பே டாக்டர், கலெக்டர் என்று அளந்துகொண்டிருக்க, நான் மைக்கில் பேசப்போகிறேன் என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

மாமாவின் புகழ் உச்சிக்குப் போவது காணும் பொங்கலன்று. அன்றைக்கு மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் திடலில் கபடிப் போட்டி நடக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வரும், பழவேற்காட்டிலிருந்து படகுக்காரர்கள் டீம் வரும், கும்மிடிப்பூண்டி கம்பெனிகளிலிருந்து இரண்டு மூன்று வரும். மாமா யாரையும் வெறும் பெயரால் சொல்லமாட்டார். பாடிப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வைப்பார். எங்கள் டீம் கேப்டன் 'இரும்புக் கை', படகுக்காரர்களில் ஒல்லியானவர் 'விலாங்கு'. பட்டம் கிடைத்தவன் அடுத்த பொங்கல்வரை அதைச் சொல்லிக்கொண்டு காலரைத் தூக்கிவிட்டுத் திரிவான். பட்டம் கிடைக்காதவன் மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பின்னாலேயே சுற்றுவான்.

அப்பா இதற்கு நேர் எதிர். வீட்டில் அவருக்கும் சேர்த்து அம்மாவே பேசிவிடுவார். கடைக்காரர் மீதி கொடுக்க மறந்தால்கூட கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிடுகிற மனிதர். கம்பி உருட்டும் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆனால் திருவள்ளூருக்குப் போய் கபடி நடுவர் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணியிருந்தார். எங்கள் காலனியில் அந்தச் சான்றிதழ் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அதை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருந்தார். அம்மா வாரா வாரம் சாமி படத்தைத் துடைத்துவிட்டு அதையும் துடைப்பார். வருடம் முழுக்க வாய் திறக்காத அப்பா, காணும் பொங்கலன்று வெள்ளைச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வேறு ஆளாகிவிடுவார். அவர் கை காட்டினால் முரட்டுப் பையன்களும் மறுபேச்சு இல்லாமல் வெளியே போவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மற்ற நாட்களில் மில்லுக்குப் போனார் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நான்கு அறைகள். ஒடிசாவிலிருந்து வந்து மில்லில் வேலை செய்கிறவர்கள் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருந்தார்கள். ஒற்றைச் செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். அவர்கள் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். அம்மா இந்தப் பக்கத்திலிருந்தே, "ஜலதோஷம் புட்ச்சிருக்கு போலக்கீது அந்தப் புள்ளைக்கு" என்பார். அவர்களில் உயரமான, முன்கையில் தீக்காயத் தழும்புள்ள ஒருவர், என் சைக்கிள் செயின் கழன்றபோதெல்லாம் மாட்டிக் கொடுப்பார். மாட்டிவிட்டு, "போ தங்கச்சி" என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. ஒரு வருடமாகப் பக்கத்திலேயே இருந்தவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரையும் மொத்தமாக 'வடக்குப் பசங்க' என்போம். ஒடிசா எங்களுக்குக் கிழக்கா வடக்கா என்று யாரும் மேப்பைப் பார்க்கவில்லை.

அவர்கள் ஷிப்ட் முடிந்து பின்பக்கத்து வெறும் நிலத்தில் கபடி ஆடுவதை அப்பாதான் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, யாரும் கேட்காமலே பேசினார். இந்த வருடம் அவர்களையும் போட்டியில் சேர்க்க வேண்டும் என்றார். கமிட்டியில் சிரித்தார்களாம். மாமாதான், "சேத்துக்கலாம், ஜாலியா இருக்கும்" என்று முடித்து வைத்தார்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் சமையலறையில் அந்தக் காரியம் நடந்தது. மாமா வழக்கம்போல ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுப் பயிற்சியாகக் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த உயரமானவர்தான். பாடும்போது அவருக்கு இரண்டு கன்னமும் உப்பிக்கொள்ளும். நான் எழுந்து நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு, அதேபோலப் பாடிக் காட்டினேன். பாடிவிட்டு, "வாய் நெறைய பானிபூரி வெச்சுக்கினு பாடற மாதிரி இல்ல?" என்றேன்.

மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மருமகளே, இது மைக்குல போடவேண்டிய பேரு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமாவே ஒப்புக்கொண்ட பட்டம்! அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதை ஆடிக் காட்டினேன். நாளுக்கு நாள் மெருகேற்றினேன். அவர்கள் தமிழ் பேசுவது, தலை வாருவது, வரிசையாக உட்கார்ந்து சோறு தின்பது எல்லாம் என் நாடகத்தில் சேர்ந்துகொண்டன. அப்பா இரவு ஷிப்டில் இருந்ததால் அவருக்கு இந்தக் கச்சேரியைக் கேட்கும் பாக்கியம் கிடைக்கவில்லை.

போட்டி நாளன்று எல்லோருக்கும் அதிர்ச்சி. ஜாலிக்குச் சேர்த்த டீம் காலையிலேயே ஊத்துக்கோட்டையை மண்ணைக் கவ்வ வைத்தது. மத்தியானம் விலாங்கையும் மீதிப் படகுக்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. சாயங்காலம் பைனல், எங்கள் காலனி டீமோடு. திடலில் நிற்க இடமில்லை. கோப்பையும் கிடாவும் கொடுக்கிற லேபர் கான்ட்ராக்டர் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு மில்லில் வேலை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். நான் மைக் மேஜைக்குக் கீழே, மாமாவின் காலடியில், ராஜசபையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உயரமானவர் முதல் தடவை பாடி வந்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோய், "இதோ வர்றாரு... பானிபூரி!" என்றார்.

கூட்டம் வெடித்தது. நான் உருவாக்கிய சொல் நான்கு புனல் ஸ்பீக்கர்களில் கிளம்பி, மாதா கோயில் சுவரில் மோதித் திரும்பி வந்ததைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது வெறும் ஆனந்தம் மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் அந்த ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்ததில் ஒருவர். எங்கள் டீம் பின்தங்கப் பின்தங்க, பட்டத்தின் சுவை மாறிக்கொண்டே போனது. முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு கத்தலாயிற்று. சிறுவர்கள் கன்னத்தை உப்பிக் காட்டினார்கள். யாரோ "குளிச்சுட்டு வாடா" என்றார்கள். இன்னொருவர் அம்மாவைச் சேர்த்துத் திட்டினார். மாமா மைக்கில் எடுத்துக் கொடுப்பதும் கூட்டம் திருப்பிச் சொல்வதுமாகப் போயிற்று. அவர் பாடிக்கொண்டே எங்கள் பக்கம் பாதி தூரம் வந்திருந்தபோது, "பானி வேணுமா பானி!" என்ற கூச்சலோடு ஒரு தண்ணீர் பாக்கெட் பறந்து வந்து அவர் முதுகில் பட்டு உடைந்தது.

அவருக்கு மூச்சு விட்டுப்போயிற்று, பாட்டு நின்றது. பாட்டு நின்றால் அவுட். எங்கள் டீம் குதித்துக் கையைத் தூக்கியது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா விசிலை நீளமாக ஊதினார். பாயின்ட் இல்லை என்று கையை விரித்தார். பிறகு நடுக்கோட்டுக்கு நடந்து போய், பந்தியில் சாப்பிட உட்காருகிற மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கால் சுளுக்கிக்கொண்டது என்று நினைத்து இரண்டு பேர் ஓடினார்கள். அப்பா அவர்களைக் கையால் விலக்கினார். மாமா மைக்கிலேயே கேட்டார்.

"இன்னா மாமா, குந்திட்ட? எழுந்துரு, இருட்டிக்கினு வருது."

அப்பாவுக்கு மைக் கிடையாது. ஆனாலும் கேட்டது, ஏனென்றால் திடல் அவ்வளவு அமைதியாகிவிட்டிருந்தது.

"பேரு சொல்லு மச்சான்."

"யாரு பேரு?"

"ஆட்றவங்க பேரு. ஸ்கோர் நோட்டு எட்து பாரு. நம்ம பசங்க ஏழு பேருக்கும் பேரு கீது. அவுங்களுக்கு இன்னா எழுதி வெச்சிக்கிற?"

நான் எட்டிப் பார்த்தேன். மாமாவின் கையெழுத்தில் ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், இனிஷியலோடு. எதிர்ப் பக்கத்தில் வடக்கு 1, வடக்கு 2, வடக்கு 3 என்று ஏழு வரை. காலையிலிருந்து இரண்டு ஆட்டம் ஆடி ஜெயித்திருந்த ஏழு பேரிடம் யாரும் பெயர் கேட்டிருக்கவில்லை.

"ஏழு பேரு பேரும் நோட்டுல ஏறணும். நீ மைக்குல சொல்லணும். அப்பாலதான் விசிலு" என்றார் அப்பா.

கான்ட்ராக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "யோவ், இன்னாய்யா பேஜாரு பண்ற? சும்மா தமாசுக்கு சொல்றான். உட்டுட்டு ஆட்டத்த நடத்து."

அப்பா அவரைப் பார்த்து எழுந்து நிற்கவில்லை. அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தமாசுன்னா அவனும் சிரிக்கணுமில்ல சார்? அவன் மூஞ்சப் பாருங்க, சிரிக்கிறானா?"

"நீ ஊதலன்னா வேற ஆளு ஊதுவான். அடுத்த வருசம் இந்தப் பக்கமே வரமாட்ட, பாத்துக்கோ."

"ஊதட்டும் சார். நான் இங்கதான் குந்தினு இருப்பேன். என் மேல ஏறி வெளையாடட்டும்."

இதில் என்னை மிகவும் வதைத்தது அந்த உயரமானவர் செய்த காரியம். ஈரப் பனியனோடு அப்பாவிடம் ஓடி வந்து குனிந்து, கைகூப்பி, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி, "சார், பரவால்ல சார். நாங்கோ ஆடுது சார். ஒன்னும் இல்லே சார்" என்று கெஞ்சினார். தங்களால்தான் தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, மற்ற ஆறு பேரும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா, "நீ நில்லுப்பா" என்று மட்டும் சொன்னார்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "ஊரு முன்னாடி என்ன அசிங்கப்பட்த்துறியா மாமா? ஒரு வார்த்தைக்கா இவ்ளோ?" என்றார். அதற்கு அப்பா சொன்ன பதிலை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"நீயும் நானும் வெளியூருக்கு ஆடப் போனோமே மச்சான், அந்த மைக்குல எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்ட்டான். நம்ம ரெண்டு பேர மட்டும் இன்னான்னு கூப்ட்டான்? நீ அன்னிக்கு பஸ்ல வர்றப்ப அழுத. எனக்கு ஞாபகம் கீது."

மாமாவின் கை மைக்கிலிருந்து நழுவியது. ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்த மைக்குக்காரன் அவர்களைக் 'காலனி' என்றுதான் கூப்பிட்டான் என்று பின்னால் அம்மா எனக்குச் சொன்னார். காலனி ஒன்று வர்றான், காலனி ரெண்டு அவுட். நான் அம்மாவிடம், நாம் காலனியில்தானே இருக்கிறோம், அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டார்.

திடலில் மாமா நோட்டையும் பேனாவையும் எடுத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மேஜைக்குக் கீழே குனிந்து என்னிடம் நீட்டினார். "போ. கேட்டு எழுதிக்கினு வா." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. பானிபூரி யாருடைய கண்டுபிடிப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். கடைசிவரை அவர் சொல்லவில்லை. அந்தப் பழியை மொத்தமாகத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். அதற்காக இன்றுவரை அவர் மேல் எனக்குக் கடன்பட்ட மாதிரி ஒரு பிரியம்.

அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் நோட்டோடு நடந்துபோனேன். முதல் ஆளிடம் கேட்டேன். சுரேஷ் என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் டீமிலேயே ஒரு சுரேஷ் இருந்தார். இரண்டாமவர் கணேஷ். மூன்றாமவர் ராஜேந்திரா. வாயில் நுழையாத பெயர்களாக இருக்கும் என்று பயந்திருந்தவளுக்கு, எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை வாசிக்கிற மாதிரி இருந்தது. ஏழாவதாக உயரமானவரிடம் வந்தேன்.

"உங்க பேரு இன்னா?"

"கார்த்திக்" என்றார். நான் எழுதுவதைக் குனிந்து பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. இருந்தாலும், கார்-த்-திக் என்று எனக்காக நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கூட்டிச் சொன்னார். பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நான் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். ஒன் பேரு தெரியும் தங்கச்சி" என்று சொல்லி லேசாகச் சிரித்தார்.

மாமா ஏழு பெயர்களையும் வாசித்தார். முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. "இவனும் சுரேஷாடா?" என்று கூட்டத்தில் யாரோ ஆச்சரியப்பட, எங்கள் சுரேஷ் தலையைச் சொறிந்துகொண்டே போய் அந்தச் சுரேஷுக்குக் கை கொடுத்தார். கடைசிப் பெயரை வாசிக்கும்போது மாமாவுக்குப் பழைய குரல் பாதி திரும்பியிருந்தது. அப்பா எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டு, விசில் ஊதினார்.

ஆட்டம் சமநிலைக்கு வந்தது. கடைசி ரெய்டு கார்த்திக். எங்கள் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் குதிகால் பக்கக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அளவு போய் வந்தது. அதைப் பார்த்தவர் திடலில் ஒரே ஒருவர்தான். அவர் கொஞ்சமும் தயங்காமல் கையைத் தூக்கி அவுட் கொடுத்தார். காலனி ஒரு பாயின்டில் ஜெயித்தது. கார்த்திக் தன் குதிகாலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார். என் அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் கான்ட்ராக்டர் பொன்னேரியிலிருந்து வேறு நடுவரைக் கூட்டி வந்தார். அப்பாவை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. மில் வேலை எப்படியோ தப்பியது. காணும் பொங்கலன்று அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். அம்மா சான்றிதழைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மாமா மூன்று மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது, ஒன்றுமே நடக்காத மாதிரி அப்பா அவருக்குத் தட்டை எடுத்து வைத்தார். மைக்கில் பட்டம் வைப்பதை மாமா விடவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் போய், "இன்னா பேர்ல கூப்டட்டும்?" என்று கேட்டுக்கொள்வார். கார்த்திக்கும் மற்றவர்களும் போட்டிக்குப் பிறகு வந்த கோடையிலேயே வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு அவர் என் பெயர் தெரியும் என்றது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அத்தனை பெரிய ஆட்டக்காரருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, முன்பு கார்த்திக் தங்கியிருந்த பின்பக்கத்து அறை மறுபடி காலியாயிற்று. வீட்டுக்காரர் சாவியை எங்களிடம்தான் கொடுத்து வைப்பார். புது ஆட்கள் வருமுன் பெருக்கிவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். கதவைத் திறந்து, துடைப்பத்தோடு நடுவில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் சமையலறை. என் தம்பி ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான். அம்மா கரண்டியால் சட்டியைத் தட்டினார். தம்பி ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கினான். அம்மா என் பெயரைச் சொல்லி, இன்னும் பெருக்கி முடிக்கவில்லையா என்று அலுத்துக்கொண்டார். ஒரு சொல்கூடத் தேயாமல் என் காதில் விழுந்தது.

அவர்கள் தும்முவது எங்களுக்குக் கேட்கும் என்று தெரிந்திருந்தவளுக்கு, நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும் என்று அதுவரை தோன்றவே இல்லை. இரண்டு வாரம், தினமும் சாப்பாட்டு நேரத்தில், கன்னத்தை உப்பிக்கொண்டு நான் நடத்திய கச்சேரி இந்த அறையில்தான் வந்து விழுந்திருக்கிறது. மாமாவின் சிரிப்பும், "மருமகளே" என்ற பாராட்டும், என் பெயரும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த மைக்கில் பானிபூரி என்று கேட்டபோதே கார்த்திக்குக்கு அது யாருடைய சொல் என்று தெரியும். தெரிந்துதான், நோட்டோடு எதிரில் போய் நின்ற எனக்கு, தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று அவர் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.